சிவப்பு காலிபரும் தொப்பூர் இறக்கமும்

பெங்களூர் அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்தின் சந்துகளில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால், ஒன்று பின்வாங்கியே தீர வேண்டும். அப்படிப்பட்ட ஒரு சந்தில்தான் அந்த பிக்கப் நிற்கிறது. வயது பத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் பார்த்தால் சொல்ல முடியாது. பின்பக்கம் இரண்டு அங்குலம் உயர்த்தப்பட்டிருக்கிறது. சேற்றில் ஓடுவதற்கான முரட்டு டயர்கள். கூரையில் விளக்குகள். உள்ளே வைத்திருக்கும் பாட்டுப் பெட்டி சந்து முழுக்கக் கேட்கும்.

உரிமையாளர் விசேஷங்களுக்கு மேசை, நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடுபவர். பூர்வீகம் சேலம். வாரநாளில் வண்டி சுமை தூக்கும். ஞாயிற்றுக்கிழமை ஜம்பமாக ஊர் சுற்றும். அவருக்குப் புதிதாக ஓர் ஆசை. சக்கரத்தின் இடுக்கு வழியே தெரிகிற மாதிரி பெரிய சிவப்பு காலிபர், துளை போட்ட பெரிய டிஸ்க், பின்னால் இருக்கும் டிரம்மை எடுத்துவிட்டு அங்கேயும் டிஸ்க். கைப்பேசியில் படத்தைக் காட்டி மெக்கானிக்கிடம் விலை கேட்டார்.

நாற்பது வருடம் பிரேக் லைனிங் தூசியில் கழித்த மேஸ்திரி படத்தைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தார். பிறகு கேட்டார்: “ஏன் தம்பி, பிரேக் பிடிக்கலையா, இல்ல பிடிக்கிற மாதிரி தெரியணுமா?”

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடிந்தால், பிரேக்குக்காகச் செலவழிக்கப்படும் பணத்தில் பாதி மிச்சமாகும். சில உயிர்களும் மிச்சமாகும்.

இந்தியாவில் பிக்கப் என்றால் நெடுங்காலம் சரக்கு வண்டி என்றுதான் பொருள். 1988ல் டாடா மொபைல் வந்தபோதும், பிறகு மகிந்திராவின் பிக்கப்கள் பெருகியபோதும், அதை வாங்கியவர்கள் காய்கறிக்காரர்கள், சிமென்ட் கடைக்காரர்கள், பால் வண்டிக்காரர்கள். இரட்டை கேபின் வைத்து, குடும்பமும் போகலாம், கெத்தாகவும் இருக்கும் என்ற எண்ணத்தை ஸ்கார்பியோ கெட்அவே, டாடா ஸினான் போன்றவை விதைத்தன. ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுஸு வி-கிராஸ் 2016லும், பெங்களூருக்குப் பக்கத்திலேயே பிடதியில் ஆலை வைத்திருக்கும் டொயோட்டாவின் ஹைலக்ஸ் 2022லும் வந்த பிறகு, பிக்கப் என்பது அந்தஸ்தின் அடையாளமாகவும் ஆகிவிட்டது. அதோடு சேர்ந்து வந்ததுதான் ‘மாற்றி அமைக்கும்’ மோகம்.

அமெரிக்காவில் இது பழைய கதை. 1991ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஜிஎம்சி பிரிவு, சைக்ளோன் என்றொரு பிக்கப்பை வெளியிட்டது. டர்போ பொருத்திய ஆறு சிலிண்டர் எஞ்சின், 280 குதிரைத் திறன். ஒரு பத்திரிகை நடத்திய ஓட்டத்தில் ஃபெராரியையே முந்தியது. நான்கு சக்கரங்களுக்கும் ஏபிஎஸ் இருந்தது. ஆனால் அதில் ஏற்றக்கூடிய சுமை வெறும் 500 பவுண்டு, சுமார் 227 கிலோதான். வேகமும் வேண்டும், பிரேக்கும் வேண்டும் என்றால் சுமையை விட்டுவிட வேண்டும் என்று அதைக் கட்டியவர்களே ஒப்புக்கொண்டது போல இருந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு மூன்றும் வேண்டும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். வண்டியை நிறுத்துவது பிரேக் அல்ல, டயர். பிரேக் செய்வதெல்லாம் சக்கரத்தின் சுழற்சியைப் பிடித்து வைப்பதுதான். டயர் சாலையைக் கவ்வினால்தான் வண்டி நிற்கும். நெடுஞ்சாலை வேகத்தில் பெடலை ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்கிறது, அல்லது ஏபிஎஸ் கடகடவென்று உதைக்கிறது என்றால், இருக்கிற பிரேக்குக்கே டயரின் பிடியை மிஞ்சும் பலம் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் எத்தனை பெரிய காலிபர் போட்டாலும் அந்த ஒரு தடவை நிற்கும் தூரம் குறையாது. நல்ல டயர் போட்டால் குறையும்.

ஜோகுபாளையத்து பிக்கப்பில் நடந்திருப்பது இதற்கு நேர்மாறு. சேற்று டயர்களின் பெரிய பெரிய கட்டைகள் மண்ணில் நன்றாகக் கடிக்கும். ஆனால் மழையில் நனைந்த தார்ச் சாலையில், சாதாரண நெடுஞ்சாலை டயர் அளவுக்குப் பிடிக்காது. இன்னொன்று, அந்த டயர் முன்பு இருந்ததைவிட உயரம். டயரின் விட்டம் பத்து சதவீதம் கூடினால், அதே பிரேக் அதே அழுத்தத்தில் சாலையில் காட்டும் விசை ஒன்பது சதவீதம் குறைந்துவிடும். நெம்புகோல் கணக்குதான். கூடவே ஸ்பீடாமீட்டரும் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டத் தொடங்கும். அதாவது, ஓட்டுபவர் நினைப்பதைவிட வேகமாகப் போகிற வண்டி, அவர் நினைப்பதைவிட மெதுவாக நிற்கும்.

வேகத்தின் கணக்கு இன்னும் கொடியது. உலர்ந்த நல்ல சாலையில், நல்ல டயருடன், 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி பிரேக் பிடித்த பிறகு நிற்க ஏறக்குறைய 20 மீட்டர் ஆகும். 80 என்றால் 36 மீட்டர். 100 என்றால் 56 மீட்டர். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, தூரம் ஏறக்குறைய மூன்று மடங்கு. இது கால் பெடலுக்குப் போன பிறகு. ஆபத்தைக் கண்டு கால் நகர ஒரு விநாடி பிடித்தால், 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு விநாடியில் மட்டும் 28 மீட்டர் பறிபோய்விடும். எந்தக் கடையிலும் இந்த 28 மீட்டரைத் திருப்பித் தரும் சாமான் விற்பதில்லை.

அப்படியானால் பெரிய பிரேக் வீண்தானா? இல்லை. அது வேறு ஒரு வேலைக்காக. சூட்டைத் தாங்குவதற்காக.

பிரேக் என்பது உண்மையில் ஓர் அடுப்பு. ஓடுகிற வண்டியின் சக்தியை அது வெப்பமாக்கிக் காற்றில் விடுகிறது. சுமையோடு சேர்த்து 2,500 கிலோ எடையுள்ள பிக்கப் ஒன்று 100 மீட்டர் உயரம் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் உதவி இல்லாமல் முழுக்க பிரேக்கிலேயே இறக்கினால், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து அடுத்தடுத்து இரண்டரை தடவை நிறுத்தினால் எவ்வளவு சூடு பிறக்குமோ அவ்வளவு சூடு பிறக்கும். ஏழு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். அத்தனை சூடும் சில கிலோ இரும்பில் ஏறுகிறது.

பெங்களூர்வாசிகள் மறந்துவிடுகிற ஒரு பூகோள உண்மை, அவர்கள் மேட்டு நிலத்தில் வாழ்கிறார்கள் என்பது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. இரண்டுக்கும் இடையே சாலை வழியாக சுமார் 200 கிலோமீட்டர். சேலத்துக்குப் போகிற ஒவ்வொரு வண்டியும் 600 மீட்டர் உயரத்தை வழியில் எங்கேயாவது தொலைத்தாக வேண்டும். பெரும்பகுதி தெரியாமலே கரைந்துவிடும். ஆனால் தருமபுரியைத் தாண்டியதும் தொப்பூர் கணவாய் வருகிறது. மிச்சமிருக்கிற உயரத்தில் ஒரு பெரும்பங்கை வளைவுகளோடு கூடிய ஓர் இறக்கத்தில் ஒரேயடியாகத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

தொப்பூரின் பெயர் செய்தித்தாள் படிப்பவர்களுக்குப் புதிதல்ல. 2020 டிசம்பரில் அங்கே கட்டுப்பாடு இழந்த லாரி ஒன்று மோதியதில் பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் நொறுங்கின. நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் மீண்டும் ஒரு லாரி முன்னால் போன வண்டிகள் மீது பாய்ந்தது. அப்போதும் நான்கு உயிர்கள். ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வரும் பழக்கத்தைப் பற்றிப் போலீஸார் திரும்பத் திரும்ப எச்சரித்து வந்திருக்கிறார்கள்.

நியூட்ரலில் வந்தால் என்ன ஆகும்? எஞ்சின் தரும் இலவசத் தடை போய்விடுகிறது. எல்லாப் பாரமும் பிரேக்கின் தலையில். பேட் சூடேறி ஓர் அளவைத் தாண்டியதும் அதன் பிடி வழுக்க ஆரம்பிக்கிறது. பின்பக்க டிரம் சூட்டில் விரிந்து, உள்ளே இருக்கும் லைனிங்கிடமிருந்து விலகிப் போகிறது. கடைசியில் பிரேக் ஆயில் கொதிக்கிறது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்க முடியும். ஆகவே பெடல் பஞ்சு போல உள்ளே போகிறது. வண்டி மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. எஞ்சினையும் அணைத்துவிட்டு வருபவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கும். பெடலுக்குத் துணை செய்யும் பூஸ்டர், சேமிப்பில் உள்ள ஓரிரு மிதிகளோடு கைவிட்டுவிடும். அதன் பிறகு முழுப் பலத்தோடு மிதித்தாலும் பெடல் கல்லாக நிற்கும்.

மேஸ்திரி கேட்ட அடுத்த கேள்வி இதைப் பற்றியதுதான். “பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்துனீங்க?”

உரிமையாளருக்கு நினைவில்லை. குறையும்போது ஊற்றியிருக்கிறார். மாற்றியதில்லை.

இந்தியாவின் பிக்கப் உரிமையாளர்களில் யாரைக் கேட்டாலும் இந்தப் பதில் வர வாய்ப்புண்டு. பிரேக் ஆயில் உண்மையில் எண்ணெயே அல்ல. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் ரசாயனத் திரவம். டாட் 3 என்ற ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 புதிதில் 230, ஈரமானால் 155. டாட் 5.1 என்றால் 260ம் 180ம். ஆக, நான்கைந்து மழைக்காலம் பார்த்த பழைய ஆயில், வண்டியில் நன்றாகத்தான் இருப்பது போலத் தெரியும். ஊருக்குள் நன்றாகவே பிடிக்கும். தொப்பூரில்தான் தன் வயதைக் காட்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க வடித்துப் புதிதாக ஊற்றி, ஏர் எடுப்பது ஒரு மெக்கானிக்குக்கு ஒரு மணி நேர வேலை. பிரேக்கில் செய்யக்கூடிய மிக மலிவான ‘மேம்பாடு’ இதுதான். ஒரே எச்சரிக்கை: டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு. அது சிலிகான். பெயர் நெருக்கமாக இருக்கிறதே என்று மற்றவற்றோடு கலந்துவிடக் கூடாது.

அடுத்தது ரப்பர் ஹோஸ். பத்து வருடத்தில் ரப்பர் தளர்ந்துவிடுகிறது. பெடலை மிதிக்கும்போது கொடுக்கும் அழுத்தத்தில் ஒரு பங்கு, ஹோஸை உப்பவைப்பதிலேயே செலவாகிறது. மடித்துப் பார்த்தால் மேலே வெடிப்பு தெரியும். புதிய ஹோஸ் போட்டால் பெடல் இறுகும். எஃகு வலை பின்னிய ஹோஸ் இன்னும் இறுக்கமாக இருக்கும். ஆனால் மலிவு ரகங்களில் முனை இணைப்பு பெயர்ந்தால் அந்தச் சுற்றின் பிரேக்கே போய்விடும் என்பதால், இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

மூன்றாவது பேட். இதில்தான் ஏமாற்று அதிகம். வெளிநாட்டுப் பெயர் போட்ட பெட்டியைப் பார்த்து மயங்குவதைவிட, பேட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் இரண்டு எழுத்துகளைப் பார்ப்பது நல்லது. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் அதன் பிடி, இரண்டாவது நல்ல சூட்டில் அதன் பிடி. இ, எஃப், ஜி என்று ஏற ஏறப் பிடி கூடும். எஃப்எஃப் என்று இருந்தால் சூடானாலும் குணம் மாறாதது என்று கொள்ளலாம். எஃப்இ என்றால் சூட்டில் ஒரு படி இறங்குகிறது என்று பொருள். மலையிறக்கத்தில் போகிறவருக்கு இரண்டாவது எழுத்துதான் முக்கியம். பந்தயக் கார்களுக்கான பேட் இன்னும் உசத்தியாயிற்றே என்று கேட்கலாம். அது சூடேறினால்தான் வேலை செய்யும். காலையில் பால் வாங்கப் போகும்போது முதல் சிக்னலிலேயே கைவிரித்துவிடும்.

புது பேட் போட்டதும் நேரே நெடுஞ்சாலையில் ஏறுவதும் தப்பு. ஆளில்லாத சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, நிற்கவிடாமல், மிதமாகப் பத்துப் பதினைந்து முறை பிடித்து, பிறகு ஆறவிட வேண்டும். பேட்டின் மெல்லிய படலம் ஒன்று டிஸ்க்கில் சீராகப் படிந்த பிறகுதான் இரண்டும் ஒன்றுக்கொன்று பழகும். புது மாப்பிள்ளையை முதல் நாளே வேலை வாங்கக் கூடாது என்பார்கள் பட்டறைகளில்.

டிஸ்க்கையும் பார்க்க வேண்டும். எவ்வளவு தேயலாம் என்ற குறைந்தபட்சக் கனம் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். டிரம்மில் அதிகபட்ச விட்டம் பொறித்திருப்பார்கள். பட்டறையில் ‘லேத்தில் கொடுத்துக் கடைந்துவிடலாம்’ என்று சொல்லும்போது, அந்த எண்ணை மிஞ்சாமல் கடைகிறார்களா என்று கேட்பது உரிமையாளரின் வேலை. மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறும். துளை போட்ட டிஸ்க் அழகுதான். ஆனால் துளையின் விளிம்பில்தான் சூட்டு வெடிப்புகள் முதலில் தோன்றுகின்றன. சுமை தூக்கும் வண்டிக்குத் துளையில்லாத, உள்ளே காற்றோட்டமுள்ள நல்ல டிஸ்க்தான் உசிதம்.

இத்தனையும் சாதாரணப் பராமரிப்பு. மேஸ்திரியின் முகம் மாறியது வண்டிக்கு அடியில் படுத்த பிறகுதான்.

பிக்கப்பின் தலையாய பிரச்சினை, அதன் எடை ஒரு நாளைப் போல ஒரு நாள் இருப்பதில்லை என்பது. காலியாக இருக்கும்போது பின்பக்கம் இலேசு. அப்போது பின் பிரேக் முழுப் பலத்தோடு பிடித்தால், பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும். ஒரு டன் ஏற்றியிருக்கும்போதோ பின் பிரேக்கின் உதவி அவசியம் வேண்டும். இந்த முரண்பாட்டைத் தீர்க்க, ஏபிஎஸ் இல்லாத பல பிக்கப்களில் பின் அச்சுக்குப் பக்கத்தில் ஒரு சுமை வால்வு வைத்திருப்பார்கள். அதிலிருந்து ஒரு கம்பி அச்சோடு இணைந்திருக்கும். சுமை ஏறினால் வண்டியின் உடல் தாழும், கம்பி நகரும், வால்வு திறந்து பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் கொடுக்கும். சுமை இறங்கினால் தானே குறைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் இல்லாத, ஆனால் புத்தியுள்ள ஏற்பாடு. வி-கிராஸ், ஹைலக்ஸ் போன்ற பிந்தைய வண்டிகளில் இதே வேலையை ஏபிஎஸ்ஸோடு சேர்ந்த மின்னணுவியல் செய்கிறது.

ஜோகுபாளையத்து வண்டியில் பின்பக்கத்தை இரண்டு அங்குலம் உயர்த்தியவர்கள், அந்தக் கம்பியைத் தொடவில்லை. விளைவு, வால்வைப் பொறுத்தவரை அந்த வண்டி நிரந்தரமாகக் காலி. எத்தனை அண்டா, எத்தனை இரும்பு மேசை ஏற்றினாலும் பின் பிரேக் அரை மனதோடுதான் பிடித்திருக்கிறது. முழுச் சுமையையும் முன் பிரேக்கே சுமந்திருக்கிறது. முன் பேட்கள் அடிக்கடி தேய்ந்ததற்கும், டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்ததற்கும் காரணம் அதுதான்.

“பிரேக் சின்னதில்ல தம்பி. நாலு பேர் தூக்க வேண்டியதை ரெண்டு பேர் தூக்குறாங்க” என்றார் மேஸ்திரி.

இந்த நிலையில் முன்னால் மட்டும் பெரிய காலிபர் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முன்-பின் சமநிலை இன்னும் கெட்டிருக்கும். பெரிய காலிபரின் பிஸ்டன்களுக்கு அதிக ஆயில் வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டர் அதைக் கொடுக்கப் பெடல் இன்னும் ஆழமாகப் போகும். பின்னால் டிரம்மை எடுத்து டிஸ்க் வைத்தால் ஹேண்ட் பிரேக்குக்கு என்ன வழி என்ற கேள்வி எழும். ஏபிஎஸ் உள்ள வண்டியானால், தயாரிப்பாளர் ஒரு குறிப்பிட்ட பிரேக்குக்காக எழுதிய கணக்கு வேறொரு பிரேக்கை ஆள வேண்டி வரும். பிரேக் என்பது உதிரிபாகங்களின் கூட்டம் அல்ல, ஒரு கூட்டுக் குடும்பம். ஒருவரை மட்டும் கொழுக்கவைத்தால் வீட்டில் சண்டைதான்.

இதற்குப் பின்னே நூறு ஆண்டுக்கு மேற்பட்ட அனுபவம் இருக்கிறது. 1888ல் கணவர் கார்ல் பென்ஸுக்குச் சொல்லாமல் அவர் கண்டுபிடித்த காரை எடுத்துக்கொண்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் போன பெர்த்தா பென்ஸ், இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்வதைக் கண்டு, வழியில் ஒரு செருப்புத் தொழிலாளியிடம் அதற்குத் தோல் வைத்துத் தைக்கச் சொன்னார். உலகின் முதல் பிரேக் லைனிங் என்று அதைச் சொல்வார்கள். முதல் மேம்பாடே இறக்கத்துக்காக, தேவை கண்டு செய்தது. டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தின் லான்செஸ்டர் 1902ல் காப்புரிமை பெற்றார். ஆனால் 1953ல் லெ மான்ஸ் பந்தயத்தில் டிஸ்க் பொருத்திய ஜாகுவார் வென்ற பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அந்தப் பந்தயம் 24 மணி நேரம். ஒருமுறை நிற்பதில் அல்ல, ஆயிரம் முறை நின்ற பிறகும் சளைக்காமல் நிற்பதில்தான் டிஸ்க் ஜெயித்தது.

தமிழர்களுக்கு இதில் அக்கறை இருக்க இன்னொரு காரணமும் உண்டு. டிவிஎஸ் குழுமமும் பிரிட்டனின் லூகாஸும் சேர்ந்து 1962ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, சென்னை பாடியில் வேரூன்றியது. ரானே, சுந்தரம் ஆகிய குழுமங்களின் பிரேக் லைனிங் நிறுவனங்களும் சென்னையைச் சேர்ந்தவையே. நாட்டில் ஓடும் எத்தனையோ வண்டிகள் நிற்பது தமிழ்நாட்டுச் சரக்கால். ஆகவே நல்ல பேட்டுக்கும் லைனிங்குக்கும் கடல் கடந்து போக வேண்டியதில்லை. பெங்களூர் ஜே.சி. ரோட்டில் உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே வேண்டியது ஒன்றுதான்: பில்லோடு, அங்கீகாரம் பெற்ற கடையில் வாங்குவது. போலி பேட்டும் அதே மாதிரிப் பெட்டியில்தான் வருகிறது.

சட்டமும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிபடச் சொன்னது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று உரிமையாளரின் தலையில் பொறுப்பை வைத்தது. தேய்ந்த பேட்டை மாற்றுவது, அதே அளவு டிஸ்க்கை, ஹோஸைப் புதிதாகப் போடுவது எல்லாம் பராமரிப்பு. யாரும் கேட்க முடியாது. ஆனால் வேறு அளவு காலிபர், பின்னால் டிஸ்க், உயர்த்திய உடல் என்று போகும்போது நிலைமை மாறுகிறது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் முதலில் பார்ப்பது இவற்றைத்தான். பிரேக்கை நல்லதாக்கத்தானே செலவு செய்தேன் என்ற வாதம் அங்கே எடுபடாமல் போகலாம்.

பட்டறையில் நடந்தது கடைசியில் இதுதான். பின்பக்கத்தை உயர்த்த வைத்திருந்த கட்டைகள் கழற்றப்பட்டன. சுமை வால்வின் கம்பி அதன் அளவுக்குத் திரும்பியது. பின் டிரம்மைத் திறந்தபோது ஒரு வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் முழுக்க ஊறியிருந்தது தெரிந்தது. இரண்டு பக்கமும் சிலிண்டர், லைனிங் புதிதாகப் போட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஹோஸ்கள், முன் டிஸ்க், எஃப்எஃப் பேட், டாட் 4 ஆயில். டயர்களைப் பழைய அளவுக்கே மாற்றினார்கள். மொத்தச் செலவு, சிவப்பு காலிபருக்குக் கேட்ட விலையில் ஒரு பங்குதான்.

பட்டறைப் பையன் டிரம்மில் இருந்த கறுப்புத் தூசியை ஏர் குழாயால் ஊதப் போனபோது மேஸ்திரி அதட்டினார். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக எழுந்து நிற்கும். எந்த லைனிங்கில் என்ன இருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஈரத் துணியால் துடைப்பதுதான் பாதுகாப்பு. நாற்பது வருடம் ஊதியே கழித்தவர் இதைச் சொன்னபோது அவரே ஒருமுறை இருமிக்கொண்டார்.

வண்டியைக் கொடுக்கும்போது அவர் ஒரு பாடமும் சேர்த்துக் கொடுத்தார். எந்த கியரில் ஏறுமோ அந்த கியரில் இறங்கு. இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே கியரைக் குறைத்துவிடு, பாதியில் அல்ல. பிரேக்கில் காலை வைத்து அழுத்திக்கொண்டே வராதே. அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறை, பிறகு விட்டுவிடு, அதற்குச் சுவாசிக்க நேரம் கொடு. நியூட்ரல் என்ற பேச்சே கூடாது. காந்தல் வாசனை வந்தால் ஓரம்கட்டி ஆறவிடு. தண்ணீர் ஊற்றாதே, டிஸ்க் வெடித்துவிடும். இத்தனைக்கும் காசு கிடையாது.

உரிமையாளருக்கு ஒரு குறை மட்டும் பாக்கி இருந்தது. “அண்ணே, பழைய காலிபருக்கே சிவப்பு பெயின்ட் அடிச்சுக்கலாமா?”

“சூடு தாங்குற பெயின்ட்டா வாங்கி அடிச்சுக்கோங்க. பேட்லயும் டிஸ்க்லயும் படாம பார்த்துக்கோங்க.”

அடுத்த முகூர்த்தத்துக்கு வண்டி நிறையப் பாத்திரத்தோடு சேலத்துக்குக் கிளம்பினார். சாயங்காலம் மேஸ்திரிக்கு போன் வந்தது. “தொப்பூர்ல மூணாவது கியர்லயே இறங்கினேன் அண்ணே. பெடல் கல்லு மாதிரி நின்னுச்சு. பின்னால ஒரு லாரிக்காரன் மட்டும் ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தான்.”

“அடிக்கட்டும்” என்றார் மேஸ்திரி. “ஹாரன் எப்பவும் ஃபெயில் ஆகாது.”